கூறைக்குக் காலடி எது?

“உன்ட முக்கோணத்த நீயே வச்சிரு மச்சாள். எனக்கு இது சரிவராது.”

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை. செட்டிபாளையத்தில் பஸ் ஏறி, கல்லடியில் இறங்கி, வெயிலில் நடந்து என் வீட்டு விறாந்தைக்கு வந்த பாக்கியம், தண்ணீர்கூடக் கேட்காமல் சொன்ன முதல் வசனம் இது. சொல்லிவிட்டுக் கொண்டுவந்த பொருட்களை மேசையில் வைத்தாள். நான் இரவல் கொடுத்த முக்கோண அடிமட்டம். அரைகுறையாகத் தைத்த ஒரு போர்வை. வாய் கட்டிய ஒரு சொப்பிங் பை.

பைக்குள் என்ன என்று கேட்டேன்.

கழிவு என்றாள்.

அவள் கழிவு என்று சொன்னது எதை என்றால்... பொறுங்கள். முதலில் அந்த முக்கோணத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டியவர்கள் முழிக்கக்கூடாது அல்லவா?

கடல் வந்து போன பிறகு எங்கள் பக்கம் வந்த நிவாரணப் பெட்டிகள் நினைவிருக்கிறதா? கம்பளித் தொப்பி வந்தது. முழங்கால் வரை ஏறும் பனிச் சப்பாத்து வந்தது. கல்லடி வெயிலுக்குப் பனிச் சப்பாத்து! முகாமில் ஆளுக்கு ஒரு தடவை அதைப் போட்டு நடந்து காட்டிச் சிரித்தோம். அப்போது சிரிக்க வேறு என்ன இருந்தது?

அந்தப் பெட்டிகளில் ஒன்றின் அடியில் கிடந்ததுதான் இது. கண்ணாடி மாதிரித் தெரியும் தடித்த பிளாஸ்டிக். மூன்று பக்கமும் சமன். குறுக்கே கோடு கோடாக அங்குலக் கணக்கு. உச்சி நுனி மட்டும் மொட்டையாக இருக்கும், யாரோ கடித்துத் துப்பியது போல.

யாருக்கும் என்னவென்று தெரியவில்லை. பக்கத்து மேசன் கூரைச் சரிவு பார்க்க உதவும் என்று கொண்டு போனார். மறுநாளே திருப்பித் தந்துவிட்டார். இந்தச் சரிவில் கூரை போட்டால் வீடு வராது, கோபுரம்தான் வரும் என்றார். இன்னொருத்தி அதை வைத்துத் தொதல் இனிப்பு வெட்டினாள். நுனி உடைந்த சாமானைத்தான் நமக்கு அனுப்புவார்கள் என்பது முகாமின் பொதுத் தீர்ப்பு.

உடையவில்லை வாசகர்களே. அந்த மொட்டை நுனிதான் அதன் மூளை.

எனக்கு யாரும் தையல் படிப்பிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் பழைய சாரங்களை வெட்டி, பிழைத்து, தையலை அவிழ்த்து, மறுபடி வெட்டித்தான் கண்டுபிடித்தேன். தையலுக்கு விடுகிற கால் அங்குலத்தை அந்த நுனி முன்கூட்டியே கழித்து வைத்திருக்கிறது. துண்டோடு துண்டை வைத்தால் நுனிகள் நழுவாமல் ஒட்டி உட்காரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

செய்முறை அதைவிட லேசு. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும். துணியை நீட்டு நீட்டுப் பட்டிகளாக எடுங்கள். நாலு நிறப் பட்டியைப் பக்கம் பக்கமாக மூட்டுங்கள். எல்லாம் நேர்த்தையல், பஸ் றோட்டு மாதிரி. இப்போது நாலு வரி போட்ட ஒரு நீளத் துணி உங்கள் கையில் இருக்கும். அதைச் சோறு வடித்த கஞ்சியில் தோய்த்து, காயவைத்து, அயன் பண்ணி விறைப்பாக்குங்கள். சாய்வாக வெட்டிய துணி இழுபடும், கஞ்சி போட்டால் சொன்ன சொல் கேட்கும்.

பிறகு முக்கோணத்தை நிமிர்த்தி வைத்து, சோக்கால் கோடு கீறி, ஒரு வெட்டு. அதைத் தலைகீழாகத் திருப்பி, ஒட்டினாற்போல் வைத்து, அடுத்த வெட்டு. நிமிர்த்தி ஒன்று, திருப்பி ஒன்று. இடையில் ஒரு நூல்கூட வீணாகாது.

மேல் வரி சிவப்பு, கீழ் வரி வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தி வெட்டிய முக்கோணத்துக்கு நுனியில் கொஞ்சம்போலச் சிவப்பு இருக்கும். திருப்பி வெட்டியதற்கு நுனியில் வெள்ளை, அகலமான அடியில் நீட்டுக்குச் சிவப்பு. நிமிர்த்தியதில் ஒன்று, திருப்பியதில் ஒன்று என்று மாறி மாறி ஆறு துண்டுகளை எடுத்து, நுனிகளை நடுவில் சேர்த்தால் ஒரு பூ. மும்மூன்றாக அரைப்பூ தைத்து, அரைப்பூக்களை வரிசையாக மூட்டினால் வளைவுத் தையலே கிடையாது.

ஏறாவூரில் எனக்குத் துண்டுத் துணி தருகிற தையல்கடைக்காரக் காக்கா என் முதல் போர்வையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கழிவுத் துணி எண்டு ஒண்டும் இல்ல புள்ள. அதுக்கு இன்னும் சோலி கிடைக்கல்ல, அவ்வளவுதான்.” மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்கு. அன்று துண்டுத் துணியோடு இதையும் மடித்துக் கொண்டு வந்தேன்.

இப்போது பாக்கியத்திடம் வருவோம்.

பாக்கியம் என் பெரியம்மா மகனின் மனைவி. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். பிறகுதான் மச்சாள். அண்ணனைக் கடல் கொண்டு போனது. வீட்டையும் கொண்டு போனது. அத்திவாரம் மட்டும் மிச்சம். பாக்கியத்தின் கல்யாணக் கூறைச் சீலை இருந்த றங்குப்பெட்டி மட்டும் வாவிப் பக்கத்து வட்டைக்குள், வயல் சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. இடுப்பளவு சேற்றுக்குள் இறங்கி அதை இழுத்து வந்தவள் மூத்த மகள் வனிதா. உப்பும் சேறும் போக அலசி அலசி நிழலில் காயப்போட்டவளும் அவள்தான்.

இளையவள் சுபா அப்போது இங்கே இல்லை. அக்காவுக்கு முந்தியே கல்யாணம் கட்டி வடக்கே போனவள் சண்டைக்குள் மாட்டிக்கொண்டாள். தகப்பன் போன செய்திகூட அவளுக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. போன வருஷம் சண்டை முடிந்து, வவுனியா முகாமில் கிடந்து, கையில் ஒரு பிள்ளையோடு வந்து இறங்கினாள். புருஷனும் கூட வந்தான், அந்த மட்டில் புண்ணியம்.

வந்து பார்த்தால் வளவுக் காணியில் ஒரே ஒரு வீடு. அத்திவாரத்தின் மேல் உதவிக்காரர்கள் கட்டிக் கொடுத்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு அது வனிதாவின் பேருக்குப் போய்விட்டது. சுபா திரும்பி வருவாளா என்பதே தெரியாமல் இருந்த காலத்தில் எழுதிய உறுதிப் பத்திரம் அது. யாரைக் குற்றம் சொல்ல?

சுபா அதே வளவின் மூலையில் ஓலைக் கொட்டில் போட்டாள். பாக்கியம் அவளோடு வந்து படுத்துக்கொண்டாள். வீட்டைப் பற்றிச் சுபா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பா எடுத்துக் கொடுத்த கூறையை எனக்குத் தாங்க, என்னிடம் அவருடைய நினைவுக்கு ஒரு துரும்புகூட இல்லை என்றாள். சேற்றுக்குள் இறங்கினது யார் என்று வனிதா கேட்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது.

நாட்டில் சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்னது. அந்த வளவில் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒரே கிணறு. வனிதா வாளியை இறக்கினால் சுபா குடத்தோடு தூரத்தில் நிற்பாள். சுபா அள்ளினால் வனிதாவுக்குத் திடீரென்று முற்றம் கூட்டுகிற வேலை வந்துவிடும். சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால் ஊராவது விலக்குப் பிடிக்கும். சத்தமே இல்லாத சண்டையை யார் விலக்குவது?

என் போர்வைகளைப் பார்த்த அன்று பாக்கியத்துக்கு ஒரு யோசனை வந்தது. கூறையோ இனிக் கட்டுகிற நிலையில் இல்லை. உப்பில் ஊறிய பட்டு மடிப்பு மடிப்பாக விட்டுப் போயிருந்தது. மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையில் மட்டும் நல்ல துணி. அதாவது... பட்டி பட்டியாக. அந்தப் பட்டிகளோடு பருத்தித் துணி சேர்த்தால் இரண்டு போர்வை வருமா என்று கேட்டாள். நான் அளந்து பார்த்தேன். இரண்டு வரும், சரியாக இரண்டுதான் வரும், பிழைவிட்டால் தாங்காது என்றேன். பொங்கலன்று இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுப்பது என்று முடிவு. முறையைக் காட்டி, முக்கோணத்தையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பாக்கியம்தான் இப்போது என் விறாந்தையில், முக்கோணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறாள்.

ஒரு போர்வைதான் வந்ததாம். அதையும் முடிக்க மனம் வரவில்லையாம். ஒன்றை வைத்து எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது? கொடுத்தால் கிடைக்காதவள் செத்தாலும் முகத்தில் முழிக்க மாட்டாள். கூறையும் போயிற்று, இரண்டு பிள்ளைகளில் ஒன்றும் போகப் போகிறது என்று சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

என் அளவு பிழைக்காது என்று எனக்குத் தெரியும். பையை அவிழ்த்தேன்.

உள்ளே முக்கோணங்கள். அச்சுப் பிசகாமல் வெட்டிய, கஞ்சி விறைப்பு மாறாத முக்கோணங்கள். எல்லாவற்றிலும் அடியில் அகலமாகக் கூறைச் சிவப்பு, சரிகையும் மின்னுகிறது. கூறையின் பெரிய பங்கே அந்தப் பைக்குள்தான் கிடந்தது. இதைத்தான் அவள் கழிவு என்றாள்.

“என்னகா செஞ்சு வச்சிரிக்காய்? இத ஏன் சேர்க்கல்ல?”

“வேற எப்பிடிச் செய்யிற? நுனிய மேல வச்சுப் பாரு. கூறை எங்க வருது? காலடியில. தாலி கட்டின சீலைய எப்பிடிக் காலடியில போடுற?”

விளங்குகிறதா? முக்கோணத்துக்கு நுனி தலை, அடி கால். நுனியில் சிவப்பு வந்த துண்டுகளில் கூறை தலையில் இருக்கிறது, அவை நல்லவை. அடியில் சிவப்பு வந்தவை தோஷம். இரண்டையும் மாறி மாறிச் சேர் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒன்றுவிட்டு ஒன்றை ஒதுக்கிவிட்டாள். இந்த முக்கோணத்தைச் செய்த வெள்ளைக்காரனுக்கு இப்படி ஒரு பிழை வரும் என்று கனவிலும் தோன்றியிருக்காது. இது நம் ஆட்களால் மட்டும் விடக்கூடிய பிழை.

தைத்ததைப் பிரிக்கலாம் என்றால், விட்டுப்போன பட்டு இரண்டாம் தரம் ஊசி தாங்காது. அவள் தைத்து வைத்திருந்த பூக்களைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் சின்னதாக ஒரு சிவப்பு, நெற்றியில் குங்குமம் வைத்தது போல. அழகாகத்தான் இருந்தது. அப்படியென்றால் இந்தப் பைக்குள் இருக்கிறதை...

பையை மேசையில் கொட்டினேன். ஆறு துண்டை எடுத்து வெள்ளை நுனிகளை நடுவில் சேர்த்தேன். சிவப்பு முழுக்க வெளியே போய், பூவைச் சுற்றி வளையமாக நின்றது. சரிகை ஓரத்தில் ஓடியது. அவள் தைத்ததன் மறுபாதி. அங்கே உள்ளே இருந்தது இங்கே வெளியே.

“இந்தா உன்ட ரெண்டாவது போர்வை” என்றேன்.

அவள் நகரவில்லை. காலடி, காலடி என்றே சொல்லிக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“ஏன்கா மச்சாள், நீ மணவறையில நிக்கக்குள்ள இந்தக் கூறைட கரை எங்க கிடந்த? சரிகைக் கரை. சொல்லு பாப்பம்.”

யோசித்தாள்.

“...காலடியில.”

“அண்ணன் தாலி கட்டக்குள்ள அது உன்ட காலத் தொட்டுக்கொண்டுதானே கிடந்த. தோஷம் வந்ததா? இருவத்தஞ்சு வருஷம் ராசாத்தி மாதிரி வாழல்லையா?”

பாக்கியம் அந்தச் சிவப்பு வளையத்தின் சரிகையை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என் தையல் மெசினில் இருந்தாள். பொங்கலுக்கு முந்தின நாள் வரை என் வீட்டிலேயே இருந்து இரண்டையும் முடித்தாள். நான் கஞ்சி வடித்தேன், அயன் பிடித்தேன், வாய் ஓயாமல் கதைத்தேன். அவள் தைத்தாள்.

முடிந்து விரித்துப் பார்த்தபோது அடுத்த சிக்கல் தெரிந்தது. நுனி சின்னது, அடி பெரியது. குங்குமப் பூப் போர்வையில் கூறை கொஞ்சம். வளையப் போர்வையில் கூறை அதிகம். யாருக்கு எது? என்னிடம் கேட்டாள். துணி வெட்டச் சொல்லித் தருவேன், பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க என்னைக் கேட்காதே என்றேன். வீடு மூத்தவளுக்குப் போய்விட்டது, சிவப்பாவது சின்னவளுக்குக் கூடப் போகட்டும் என்று அவளே தீர்த்துக்கொண்டாள்.

பொங்கலன்று நானும் செட்டிபாளையம் போனேன். அறுவடை பார்க்கவா போனேன்? வெட்டியதன் முடிவைப் பார்க்க வேண்டாமா?

ஒரு முற்றம், இரண்டு அடுப்பு, இரண்டு பானை. வீட்டு வாசலுக்கு நேரே வனிதாவின் பானை. கொட்டிலுக்கு முன்னால் சுபாவின் பானை. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நெருப்புத் தள்ளினார்கள். பாக்கியம் நடுவில் போய் நின்று, ஆளுக்கொரு போர்வையை நீட்டினாள். கூறையை இரண்டாக்கிவிட்டேன், இதுக்கு மேலே என்னிடம் ஒன்றுமில்லை என்றாள்.

வனிதா பிரித்தாள். சுபா பிரித்தாள். சுபா சரிகை ஓடிய இடத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வனிதாவின் கண் தன் போர்வையிலிருந்து தங்கையின் போர்வைக்குப் போனது. மறுபடி தன்னுடையதற்கு வந்தது. பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குத்தான் சிவப்பு கூட” என்றாள் வனிதா.

அந்த வளவில் மாதக்கணக்காக அக்காவின் வாயிலிருந்து தங்கைக்கு வந்த முதல் வார்த்தை. சுபா போர்வையை முகத்திலிருந்து எடுத்தாள்.

“கூடத்தான். உனக்கு நடுவுல இரிக்கு. எனக்கு ஓரத்துலதானே.”

வனிதா வளவின் நடுவில் நின்ற வீட்டைப் பார்த்தாள். ஓரத்தில் நின்ற கொட்டிலைப் பார்த்தாள். வடக்குப் பக்கம் ஓலை சரிந்து, மழை அடித்த ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. பானை இரண்டும் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கப் பார்த்தன. யாரும் கவனிக்கவில்லை.

“அப்ப மாத்துவமா?” என்றாள் வனிதா கடைசியில்.

சுபா தன் போர்வையை இறுக்கிப் பிடித்தாள். பாக்கியத்தின் நகம் என் கையில் பதிந்தது.

“ஒரேயடியா வேணாம் அக்கா. கிழமைக்கு ஒருக்கா மாத்துவம்.”

அக்கா. வனிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பானை பொங்குது, போய்ப் பாரடி என்று அதட்டினாள். அவளுடைய பானையும்தான் பொங்கியது.

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீடு இன்னும் வனிதாவின் பேரில்தான் இருக்கிறது, சுபா இன்னும் கொட்டிலில்தான். ஆனால் வெள்ளிக்கு வெள்ளி கிணற்றடிக் கொடியில் போர்வைகள் கைமாறுகின்றன. போன கிழமை வடக்குப் பக்கத்துக்கு வனிதாவின் புருஷன் ஓலை மாற்றிக் கொடுத்தானாம். யார் சொல்லி என்று யாரும் கேட்கவில்லையாம்.

நான் இப்போது புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்குப் பாக்கியத்தின் முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மாறி மாறிச் சேர்க்காதீர்கள். நுனிச் சிவப்பு வேறாக, அடிச் சிவப்பு வேறாக அடுக்குங்கள். ஒரே துணியில் இரண்டு போர்வை, இரண்டும் இரண்டு அழகு. துண்டுகளும் கலந்துபோகாது, கை பழகாதவர்களுக்கு இதுதான் சுகம். அடியில் சிவப்பு வருகிறதே என்று யாராவது இழுத்தால், உங்கள் கூறையின் கரை எங்கே கிடந்தது என்று கேட்கிறேன். அதற்கு இதுவரை மறுபேச்சு வரவில்லை.

நேற்றுக் காலை பாக்கியத்திடமிருந்து போன். பின்னால் ஒரே இரைச்சல். என்னகா, ஏதும் வில்லங்கமா என்று பதறிப்போய்க் கேட்டேன். போன வெள்ளி மாற்ற வேண்டிய போர்வையைச் சுபா மாற்றவில்லையாம். துவைத்துப் போட்டதாம், காயவில்லையாம். காயவில்லை என்று சாட்டுச் சொல்ல வேண்டாம் என்று வனிதா கிணற்றடியில் நின்று கத்துகிறாளாம். நீ மட்டும் முந்தின கிழமை கஞ்சிக் கறையோடு தரவில்லையா என்று சுபா திருப்பிக் கத்துகிறாளாம்.

“கேக்குதா மச்சாள்?” என்று போனைக் கிணற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்தாள் பாக்கியம்.

கேட்டது. இரண்டு குரலும் நன்றாகவே கேட்டது.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொள் என்றேன்.